‘கடு’ ஒன்றுக்குத் துருக்கியத்தில் எட்டுச் சொற்கள்: எதை எங்கே வைப்பது?

தமிழில் ‘கடு’ என்ற ஒரே அடையை வைத்துக்கொண்டு வெகுதூரம் போய்விடலாம். கடுங்குளிர், கடும்மழை, கடும்வலி, கடுஞ்சொல், கடும்போட்டி, கடுங்காவல் என்று எதற்கு முன்னாலும் அது ஒட்டிக்கொள்ளும். துருக்கிய மொழிக்குள் காலெடுத்து வைத்ததும் இந்த வசதி போய்விடுகிறது. குளிருக்கு ஒரு சொல், மழைக்கு வேறொன்று, தண்டனைக்கு இன்னொன்று. ஆங்கிலம்–துருக்கியம் அகராதியில் ‘ஹார்ஷ்’ என்று தேடினால் நான்கைந்து சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். எதை எடுப்பது என்று அகராதி சொல்வதில்லை.

துருக்கியம் படிப்பவர்கள், துருக்கித் தொடர்களை ஆங்கில வசனவரியோடு பார்ப்பவர்கள், ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு மொழிபெயர்ப்பவர்கள் எல்லோருமே மாட்டிக்கொள்ளும் இடம் இது. அடிக்கடி வரும் எட்டுச் சொற்களையும், அவற்றோடு சேர்ந்து வரும் சிலவற்றையும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வைத்து இங்கே எடைபோடுகிறோம்.

முதலில் உச்சரிப்பு. துருக்கியத்தில் புள்ளி இல்லாத ‘இ’ எழுத்து ஒன்று உண்டு. ஆங்கிலேயர்களுக்கு அது பெரும்பாடு. நமக்கோ ‘பாட்டு’, ‘கட்டு’ என்று சொல்லும்போது கடைசியில் வரும் குற்றியலுகரம்தான் அது. கீழே அஜு, ஸுக்கு, கத்து என்று வருமிடத்தில் உதட்டைக் குவிக்காமல் அந்தக் குற்றியலுகரத்தையே ஒலியுங்கள். ‘ஆஉர்’ என்று எழுதியிருப்பதில் நடுவே ஒரு ‘மென் க’ இருக்கிறது. அது ஒலிக்காது, முன்னிருக்கும் உயிரை நீட்டிவிட்டு மறைந்துவிடும்.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

அகராதிப் பொருளை வைத்துத் தேர்ந்தெடுத்தால் பாதி நேரம் தவறும். இந்தச் சொற்களுக்கு ஆங்கிலத்தில் கொடுக்கும் பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடப்பதுதான் காரணம். அதைவிட நம்பகமான அளவுகோல்கள் நான்கு.

முதலாவது, எதிர்ச்சொல். நான்கில் இதுதான் முக்கியம். நீங்கள் சொல்ல வரும் கடுமை குறைந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். மென்மையாகுமா, லேசாகுமா, தளருமா, இனிக்குமா? கடும்வலி குறைந்தால் ‘லேசான வலி’ ஆகும், ‘மென்மையான வலி’ ஆகாது. ஆகவே மென்மைக்கு எதிரான ஸெர்த் அங்கே வராது. இந்த ஒரு கேள்வியே பத்தில் ஏழெட்டுக் குழப்பங்களைத் தீர்த்துவிடும் என்பது என் கணிப்பு.

இரண்டாவது, பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல். மனிதர், இயற்கைச் சீற்றம், சட்டம், சுவை, நோய் என்று ஒவ்வொன்றும் தனக்கென ஓர் அடையை வைத்திருக்கிறது. மூன்றாவது, பழி. சில சொற்கள் கடுமையை வர்ணிப்பதோடு நிறுத்திக்கொள்ளும், சில ‘நீ கொடியவன்’ என்று விரல் நீட்டும். நான்காவது, சொல்லுக்கு இருக்கும் இன்னொரு வேலை. ஒரே சொல் வேறிடத்தில் ‘வன்முறை’ என்றோ ‘வேலை மும்முரம்’ என்றோ பொருள் தரும். மறைமுகச் செலவெல்லாம் இங்கேதான் இருக்கிறது.

| சொல் | எதிர்ச்சொல் | இயல்பாகச் சேர்வது | ஆங்கிலத்தில் | தமிழில் நெருக்கமானது |
|---|---|---|---|---|
| ஸெர்த் | யுமுஷாக் (மென்மை) | குளிர்காலம், பேச்சு, காப்பி, தண்ணீர் | ஹார்ட், ஹார்ஷ், ஸ்டிஃப் | கடினம், கண்டிப்பு, காட்டம் |
| ஷித்தெத்லி | ஹஃபிஃப் (லேசு) | மழை, வலி, நிலநடுக்கம், மோதல் | சிவியர், வயலென்ட் | உக்கிரம், கடும் |
| ஆஉர் | ஹஃபிஃப் (லேசு) | தண்டனை, காயம், நோய், இழப்பு | ஹெவி, கிரேவ், சிவியர் | கனம், படுமோசம் |
| கத்து | எஸ்னெக் (நெகிழ்வு), ஸுவு (திரவம்) | விதி, கொள்கை, முட்டை | ரிஜிட், சாலிட் | கறார், இறுகியது |
| ஸுக்கு | கெவ்ஷெக் (தளர்வு) | கட்டுப்பாடு, பேரம், உணவுக் கட்டுப்பாடு | டைட், ஸ்ட்ரிக்ட் | இறுக்கம், கெடுபிடி |
| கெஸ்கின் | கோர் (மழுங்கல்) | கத்தி, நெடி, வளைவு, அறிவு | ஷார்ப், பஞ்ஜென்ட் | கூர்மை, சுள்ளென்று |
| யோஉன் | ஸெய்ரெக் (அடர்த்தியற்றது) | போக்குவரத்து, முயற்சி, பனி | இன்டென்ஸ், டென்ஸ், பிஸி | அடர்த்தி, தீவிரம், மும்முரம் |
| அஜு | தத்லு (இனிப்பு) | மிளகாய், உண்மை, செய்தி | பிட்டர், ஹாட், பெயின்ஃபுல் | காரம், கசப்பு, வேதனை |

## ஸெர்த்: தொட்டால் எதிர்க்கும் கடுமை

கைவைத்தால் அமுங்காத எதுவும் ஸெர்த். மெத்தை, மண், கடினநீர், மூளைக்கு ஏறும் மதுபானம், பால் சர்க்கரை இல்லாமல் இறங்கும் அழுத்தமான காப்பி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அங்கிருந்து மனிதர்களுக்கும் பேச்சுக்கும் நகர்கிறது: கண்டிப்பான அப்பா, முறைக்கும் பார்வை, காட்டமான அறிக்கை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கும் எர்ஸுரூம் போன்ற கிழக்கு அனதோலிய ஊர்களின் குளிர்காலத்தை ‘ஸெர்த் குஷ்’ என்பார்கள். கால்பந்து வர்ணனையில் வேகமாக உதைத்த பந்தும் ஸெர்த், காலை வாரிவிட்ட ஆட்டமும் ஸெர்த்.

நமக்கு நெருக்கமான ஓரிடம் இலக்கணம். நாம் வல்லினம், மெல்லினம் என்று பிரிப்பதைப் போலவே துருக்கியரும் மெய்யெழுத்துகளை ஸெர்த், யுமுஷாக் என்கிறார்கள். வல்லின எட்டையும் நினைவில் வைக்கப் பள்ளிப் பிள்ளைகள் ‘ஃபுஸ்துக்ச்சு ஷஹாப்’ (பிஸ்தா விற்கும் ஷஹாப்) என்று மனப்பாடம் செய்வார்கள். அந்தப் பெயருக்குள் இருக்கும் எட்டு மெய்களே ஸெர்த். அவற்றில் முடியும் சொல்லோடு ‘இல்’ என்னும் பொருளுள்ள ‘தா’ உருபு சேர்ந்தால் அது வலிந்து ஒலிக்கும், மற்ற இடங்களில் மெலிந்து ஒலிக்கும்.

ஸெர்த்தின் நல்ல குணம், அது பழி சுமத்துவதில்லை. ஓர் ஆசிரியரை ஸெர்த் என்றால் மரியாதை குறையாது. ‘தத்லு ஸெர்த்’, அதாவது இனிப்பும் கண்டிப்பும் கலந்தது என்று ஒரு தொடரே இருக்கிறது. அன்போடு கண்டிக்கும் அம்மாவுக்கோ மேலாளருக்கோ அது பாராட்டு. ஆங்கில வசனவரி இதை ‘ஹார்ஷ்’ என்று போட்டுவிட்டால் அந்த நல்லெண்ணம் கரைந்துவிடும். தமிழில் ‘கண்டிப்பானவர்’ என்றால் சரியாக உட்காரும்.

வராத இடங்கள்: மழைக்கும் வலிக்கும் நோய்க்கும் ஸெர்த் போடாதீர்கள். முட்டைக்கும் கூடாது, அதைக் கீழே பார்ப்போம்.

## ஷித்தெத்லி: வந்து மோதும் கடுமை

அரபு வழி வந்த ‘ஷித்தெத்’ என்ற பெயரோடு ‘உடைய’ என்னும் பொருளுள்ள ‘லி’ சேர்ந்தது. எங்கிருந்தோ ஒரு விசை வந்து தாக்குகிறது, அதன் வேகம் அதிகம் என்றால் இந்தச் சொல். புயல், மழை, தலைவலி, வெடிப்பு, துப்பாக்கிச் சண்டை எல்லாம் இதற்குள் வரும். வானிலை எச்சரிக்கையில் இதற்குத் திட்டமான இடம் உண்டு. துருக்கியின் வானிலைத் துறை மழையை வகைப்படுத்தும்போது ‘குவ்வெத்லி’ (பலத்த), அதற்கு மேல் ‘சோக் குவ்வெத்லி’ (மிகப் பலத்த), அதற்கும் மேல் ‘ஷித்தெத்லி’, உச்சியில் ‘அஷுரு’ (அதீத) என்று ஏறிப் போகிறது. எல்லா மழையையும் ஷித்தெத்லி என்று எழுதுபவர் இந்த ஏணியையே உடைத்துவிடுகிறார்.

இந்தச் சொல்லின் மறைமுகச் செலவு மிகப் பெரியது. ‘லி’யைக் கழற்றினால் மிஞ்சும் ஷித்தெத்துக்கு இன்றைய துருக்கியத்தில் முதற்பொருள் ‘வன்முறை’. 2012-இல் வந்த 6284-ஆம் எண் சட்டத்தின் பெயரிலேயே, பெண்களுக்கு எதிரான வன்முறையைத் தடுத்தல் என்ற பகுதியில், இந்தச் சொல்தான் இருக்கிறது. இந்தி, உருது தெரிந்த தமிழர்களுக்கு இங்கே இன்னொரு பள்ளம். அங்கே ‘ஷித்தத்’ என்றால் ஆழ்ந்த தீவிரம், காதலின் வேட்கைகூட. இரண்டும் ஒரே அரபு வேரிலிருந்து வந்தவை. ஆனால் உருதுக் கவிதையின் ஷித்தத்தைத் துருக்கியக் காதல் வசனத்தில் வைத்தால் காதலன் கைநீட்டி அடிப்பவன் ஆகிவிடுவான்.

மறுபக்கத்தில், வன்முறை துளியும் இல்லாத இடங்களிலும் இது நிற்கும். ‘ஷித்தெத்லெ’ என்ற வினையடை ‘மிக அழுத்தமாக’ என்ற பொருளில் ஓடுகிறது. ஓர் உணவகத்தை ஷித்தெத்லெ பரிந்துரைக்கலாம். ஒரு தாக்குதலை ஷித்தெத்லெ கண்டிக்கலாம். வன்முறையைக் கண்டிக்கும் அறிக்கைகளில் ‘ஷித்தெத்தி ஷித்தெத்லெ’ கண்டிக்கிறோம் என்று இரண்டும் அடுத்தடுத்து வந்து உட்காரும். அதைத் தமிழில் ‘வன்முறையை வன்மையாகக் கண்டிக்கிறோம்’ என்று எழுதினால் பொருளும் ஓசையும் சேர்ந்தே கிடைக்கும். இவ்வளவு சுத்தமாகப் பொருந்தும் இடம் அபூர்வம்.

மணமுறிவுச் செய்திகளில் வரும் ‘ஷித்தெத்லி கெச்சிம்ஸிஸ்லிக்’ என்ற தொடரை இயந்திர மொழிபெயர்ப்பு ‘வன்முறை’ என்று திருப்பக்கூடும். அதன் பொருள் ‘கொஞ்சமும் ஒத்துப்போகாமை’. அடிதடி நடந்தது என்று அதில் எங்கும் இல்லை. ஒரு நடிகரின் மணமுறிவுச் செய்தியைத் தமிழில் எழுதும்போது இந்தப் பிழை நேர்ந்தால் அது அவதூறாகவே முடியும்.

நிலநடுக்கச் செய்தி எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2023 பிப்ரவரி 6 அன்று கஹ்ரமான்மராஷ் பகுதியை உலுக்கிய முதல் நடுக்கம், துருக்கியின் பேரிடர் அமைப்பின் கணக்கில் 7.7. இந்த எண்ணுக்குச் சொல் ‘புயுக்லுக்’, அதாவது அளவு. நடுக்கத்தில் வெளிப்பட்ட ஆற்றலைச் சொல்லும் எண் அது, ஒரு நடுக்கத்துக்கு ஒன்றுதான் இருக்கும். ‘ஷித்தெத்’ என்பது ஓர் ஊரில் அது எவ்வளவு உலுக்கியது, என்ன இடிந்தது என்பதன் தரம். பன்னிரண்டு படிகள் கொண்ட மெர்காலி வகை அளவுகோலில் ரோமன் எண்ணால் குறிப்பார்கள், ஊருக்கு ஊர் மாறும். துருக்கியச் செய்தி வாசிப்பவர்களே ‘7.7 ஷித்தெத்தில்’ என்று சொல்லி நிலவியலாளர்களிடம் திருத்தம் வாங்குவதுண்டு. தமிழிலும் அளவு, தீவிரம் என்று பிரித்தே எழுதுங்கள்.

## ஆஉர்: சுமக்க வேண்டிய கடுமை

நேர்ப்பொருள் ‘கனமான’. மேலே விழுந்து அழுத்துவது, எளிதில் இறக்கிவைக்க முடியாதது என்றால் ஆஉர். விபத்துச் செய்தியில் காயமடைந்தவர்களை ஆஉர், ஹஃபிஃப் என்று இரண்டாகப் பிரிப்பார்கள். நாம் படுகாயம், லேசான காயம் என்பதைப் போல.

ஆங்கிலத்தின் ‘சிவியர்’ துருக்கியத்துக்குள் நுழையும்போது இரண்டாகப் பிளக்கிறது. தாக்குவது ஷித்தெத்லி பக்கம் போகும்: வலி, புயல். தங்கி அழுத்துவது ஆஉர் பக்கம் போகும்: நோய், தண்டனை, தோல்வி, இழப்பு. இரண்டுக்குமே எதிர்ச்சொல் ஹஃபிஃப் என்பதால் எதிர்ச்சொல் சோதனை இங்கே மட்டும் கைகொடுக்காது, பெயர்ச்சொல்லைத்தான் பார்க்க வேண்டும். வலிக்குத் துருக்கியத்தில் ‘ஆரு’ என்று பெயர். ‘ஆஉர் ஆரு’ என்று சேர்த்துச் சொன்னால் காதுக்கே சரிப்படாது, ‘ஷித்தெத்லி ஆரு’தான்.

நீதிமன்றச் சொற்களில் ஆஉர் வேரூன்றியிருக்கிறது. ‘ஆஉர் ஜெஸா மஹ்கெமெஸி’ என்பது பத்தாண்டுகளுக்கு மேல் சிறை, ஆயுள்தண்டனை போன்றவற்றுக்குரிய பெருங்குற்றங்களை விசாரிக்கும் நீதிமன்றம். ஆங்கிலத்தில் ‘ஹெவி பீனல் கோர்ட்’ என்று சொல்லுக்குச் சொல் போடுகிறார்கள். தமிழில் ‘கனமான தண்டனை நீதிமன்றம்’ என்றால் யாருக்கும் புரியாது. நம்மூர் அமர்வு நீதிமன்றம் செய்யும் வேலைக்கு நெருக்கமானது என்பதால் கதையில் ‘பெருங்குற்ற நீதிமன்றம்’ என்று வைக்கலாம்.

‘கடுங்காவல்’ என்று எழுதக் கை துறுதுறுக்கும் இடமும் இதுதான். 1926-இல் வந்த பழைய தண்டனைச் சட்டத்தில் ‘ஆஉர் ஹபிஸ்’ என்ற தண்டனை இருந்தது, கடுங்காவல் என்பது அதற்குத்தான் ஒத்துவரும். 2005 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் அந்த வகை இல்லை. மரண தண்டனையை எடுத்துவிட்ட இடத்தில் ‘ஆஉர்லஷ்துருல்முஷ்’ ஆயுள்தண்டனை வந்தது. கனமாக்கப்பட்டது என்று பொருள். இன்றைய கதையில் ஒருவருக்கு இந்தத் தண்டனை விதிக்கப்பட்டால் ‘கடுமையாக்கப்பட்ட ஆயுள்தண்டனை’ என்று எழுதுவதே நேர்.

மனிதரைச் சொல்லும்போது ஆஉர் தடம் மாறும். ஆஉர் மனிதர் என்றால் நிதானமானவர், கனம் பொருந்தியவர். ‘ஆஉர் ஆஉர்’ என்று இரட்டித்தால் மெதுமெதுவாக. ஆனால் சொல் ஆஉர் ஆனால் அது புண்படுத்தும் பேச்சு. ‘அது எனக்கு ஆஉராகப் போயிற்று’ என்ற பொருளில் துருக்கியர் சொல்வதை, ‘மனசு நொந்துபோச்சு’ என்று எழுதினால் தமிழ்க் காதுக்கு அப்படியே ஏறும்.

ஆங்கிலத்தின் வழியே வருபவர்களுக்கு ஒரு தடை: ‘ஹெவி ரெயின்’, ‘ஹெவி டிராஃபிக்’ இரண்டிலும் ஆஉர் வராது. மழைக்கு அதன் அளவைப் பொறுத்துக் குவ்வெத்லியோ ஷித்தெத்லியோ, போக்குவரத்துக்கு யோஉன்.

## கத்து, ஸுக்கு: வளையாததும் தளராததும்

இரண்டையுமே ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரிக்ட்’ என்று போடுவார்கள். கத்து என்பது இறுகிக் கெட்டியானது, வளைத்தால் உடையும். ஸுக்கு என்பது இழுத்துக் கட்டியது, நினைத்தால் தளர்த்தலாம். கத்து விதிக்கு விதிவிலக்கு கிடையாது, அதைச் சொல்பவரின் குரலில் பெரும்பாலும் குறைகூறல் இருக்கும். ஸுக்கு கட்டுப்பாடு தற்காலிகமாகவும் இருக்கலாம், தேவையானதாகவும் இருக்கலாம்.

முட்டை இதைக் காட்டிக்கொடுக்கும். முழுக்க வெந்து மஞ்சள்கரு கெட்டியான முட்டை கத்து. கரு குழைவாக இருந்தால் ‘கயுசு’, ஆப்ரிகாட் பழத்தின் பெயர். ஓடிக்கொண்டிருந்தால் ‘ரஃபதான்’. விடுதிக் காலை உணவில் ஸெர்த் முட்டை கேட்டால் புரிந்துகொள்வார்கள், ஆனால் அப்படி யாரும் சொல்வதில்லை.

ஸுக்குவின் முகங்கள் பல. விடாப்பிடியான பேரம் ஸுக்கு, உயிர்த்தோழனும் ஸுக்கு, குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொண்டு போ என்பதிலும் ஸுக்கு. ராணுவச் சட்டம் ‘ஸுக்குயோனெதிம்’, இறுக்கமான ஆட்சி. 1980 செப்டம்பர் 12 ராணுவப் புரட்சியன்று நாடு முழுதும் அது அறிவிக்கப்பட்டதால், அந்தத் தலைமுறைக்கு இந்தச் சொல் வெறும் சட்டச்சொல் இல்லை. பொருளாதாரச் செய்தியிலோ அதே ஸுக்கு சாதாரணமாக வரும். மத்திய வங்கி 2023 ஜூனில் 8.5 சதவீதமாக இருந்த வட்டியைப் படிப்படியாக ஏற்றி 2024 மார்ச்சில் 50 சதவீதத்துக்குக் கொண்டுபோன கொள்கைக்குப் பெயர் ‘ஸுக்கு’ பணக்கொள்கை. அங்கே கத்து என்று எழுதினால் வங்கி பிடிவாதம் பிடிக்கிறது என்ற விமர்சனம் ஆகிவிடும்.

## கெஸ்கின், யோஉன்: முனையும் அடர்த்தியும்

கெஸ்கின் ‘வெட்டு’ என்ற வினையிலிருந்து வந்தது. மூக்கைத் துளைக்கும் நெடி, கொண்டைஊசி வளைவு, குறிதவறாத துப்பாக்கி வீரர் எல்லாம் கெஸ்கின். மருத்துவரிடம் வலியைச் சொல்லும்போது இது உதவும்: குத்துகிற வலி கெஸ்கின், தாங்க முடியாத வலி ஷித்தெத்லி. இரண்டையும் மாற்றிச் சொன்னால் மருத்துவர் வேறு காரணத்தைத் தேடக்கூடும். ‘கெஸ்கின் காடி தன் ஜாடிக்கே கேடு’ என்று ஒரு பழமொழி உண்டு. முன்கோபம் கோபக்காரரையே அரிக்கும் என்பதற்கு அதைச் சொல்வார்கள்.

யோஉன் அளவைச் சொல்வது, கடுமையை அல்ல. தயிர் என்னும் யோகர்ட் இதற்கு உறவுக்காரச் சொல், கெட்டிப்படுதல் என்ற எண்ணம் இரண்டிலும் இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவு ‘யோஉன் பகும்’. ‘இன்று நான் யோஉன்’ என்றால் தலைக்குமேல் வேலை. ஆகவே ஆங்கிலத்தின் ‘இன்டென்ஸ்’ மனிதரை யோஉன் என்று மொழிபெயர்த்தால் ‘வேலையாக இருக்கிறார்’ என்றாகிவிடும்.

## அஜு: நாக்கில் தொடங்கி நெஞ்சில் முடிவது

காரத்தையும் கசப்பையும் ஒரே சொல்லால் சொல்லும் மொழி நமக்கு வியப்புதான். மிளகாயும் அஜு, பாகற்காய் போன்ற கசப்பும் அஜு, வேதனையும் அஜு. உணவகத்தில் சிக்கல் வராமலிருக்க ‘அஜுலு’ (காரமுள்ளது), ‘அஜுஸுஸ்’ (காரமில்லாதது) இரண்டையும் தெரிந்துவைத்தால் போதும். அதானா கபாப் காரமாக வரும், உர்ஃபா கபாப் காரமில்லாமல் வரும். கறுப்பு சாக்லேட்டுக்கு அஜு போட்டால் மிளகாய் சாக்லேட் என்றாகிவிடும் என்பதாலோ என்னவோ, துருக்கியர் ஆங்கிலத்தின் ‘பிட்டர்’ என்பதையே கடன்வாங்கி ‘பிட்டர் சிகொலாத்தா’ என்கிறார்கள்.

ஆங்கிலத்தின் ‘ஹார்ஷ் ரியாலிட்டி’ துருக்கியத்தில் அஜு உண்மை. நம் ‘கசப்பான உண்மை’யும் அதுவே. இங்கே ஆங்கிலம் வழியாகச் சுற்றி வந்து ‘கடுமையான யதார்த்தம்’ என்று எழுதுவது வீண்.

## பழி சுமத்தும் சொற்கள்: ஹஷின், அஜுமஸுஸ், ஸாலிம்

ஹஷின் முரட்டுத்தனம். குரல், நடத்தை, கை வைக்கும் விதம் பற்றியது. கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை, மென்மை தெரியாதவர் என்றாலே போதும். அஜுமஸுஸ் இரக்கமற்றவர். மேலே பார்த்த அஜுவிலிருந்து ‘வலி, இரக்கம்’ இரண்டையும் தரும் வினை பிறந்து, அதன் மறுப்பாக இது வந்தது. ஸாலிம் கொடுங்கோலன். இந்திப் பாடல்களில் நாம் கேட்ட ‘ஜாலிம்’ இதுவே, இரண்டும் ஒரே அரபுச் சொல். அங்கே போலவே துருக்கியப் பாடல்களிலும் மனமிரங்காத காதலியைத் திட்டும் செல்லச்சொல்லாகவும் வரும். அந்த இடத்தில் ‘கொடுங்கோலி’ என்று எழுதாமல் ‘கல்நெஞ்சக்காரி’ என்று எழுதுங்கள்.

இந்த மூன்றையும் அலுவலகக் கடிதத்தில் தவிர்ப்பது நல்லது. ‘உங்கள் முடிவு ஸெர்த்’ என்றால் கருத்து, ‘அஜுமஸுஸ்’ என்றால் குற்றச்சாட்டு.

## ஒரே பெயர்ச்சொல்லின்மேல் ஆறு சொற்களை வைத்துப் பார்த்தால்

விமர்சனத்துக்குத் துருக்கியச் சொல் ‘எலெஷ்திரி’. இதற்கு முன்னால் ஒவ்வொன்றாக வைத்தால் வேறுபாடு கண்முன்னே தெரியும்.

ஸெர்த் எலெஷ்திரி: காட்டமான விமர்சனம். செய்தித்தாளில் நாள்தோறும் வருவது. சந்தேகம் இருந்தால் இதையே எடுங்கள்.

ஷித்தெத்லி எலெஷ்திரி: ஆவேசமான விமர்சனம். பேசுபவரின் கொதிப்பு தெரியும்.

ஆஉர் எலெஷ்திரி: கேட்டவருக்கு வலிக்கும், அவர் பெயரையோ பதவியையோ பாதிக்கும் விமர்சனம்.

யோஉன் எலெஷ்திரி: நாலாபக்கமிருந்தும் வரும் விமர்சனம். ஒவ்வொன்றும் மென்மையாகக்கூட இருக்கலாம்.

அஜுமஸுஸ் எலெஷ்திரி: ஈவிரக்கமற்ற விமர்சனம். திரைப்பட மதிப்புரைகளில் பாராட்டாகவும் வரும்.

ஹக்ஸுஸ் எலெஷ்திரி: நியாயமற்ற விமர்சனம். கடுமையைச் சொல்லாவிட்டாலும், ‘அன்ஃபேர்லி ஹார்ஷ்’ என்ற ஆங்கிலத் தொடரை இறக்கும்போது பலர் தேடுவது இதுதான்.

## ஆங்கிலச் சொல்லிலிருந்து தொடங்கினால்

‘ஸ்ட்ராங்’ என்பதுதான் மிகவும் அலைக்கழிக்கும். காப்பிக்கு ஸெர்த் என்றால் சரி, தேநீருக்கு ‘தெம்லி’ (நன்றாக ஊறியது). லேசான தேநீர் ‘அச்சுக்’, திறந்தது என்று பொருள். செக்கச்செவேலென்று இறங்கிய நல்ல தேநீருக்கு ‘முயல் ரத்தம்’ என்று பெயர். மணத்துக்கு ‘ஸ்ட்ராங்’ என்றால் கெஸ்கின், அது துர்நாற்றமானால் ஆஉர்.

‘டஃப்’ என்பதற்கு நல்ல சொல் ‘செத்தின்’. தேர்வு, பேச்சுவார்த்தை, மலைப்பாதை, போராட்டம் என்று முயன்றால் கடக்கக்கூடிய கடினத்துக்கு அது வரும். ‘செத்தின் ஜெவிஸ்’ என்றால் உடைக்க முடியாத வால்நட் கொட்டை, அதாவது லேசில் மசியாத ஆள். ‘இன்டென்ஸ்’ என்பதில் முயற்சிக்கு யோஉன், வலிக்கு ஷித்தெத்லி, துக்கத்துக்கு ‘தெரின்’ (ஆழம்), விவாதத்துக்கு ‘ஹராரெத்லி’ (சூடு). நாமும் சூடான விவாதம் என்றுதானே சொல்கிறோம்.

## இன்னும் அழுத்த வேண்டுமானால்

‘சோக்’ (மிக) என்பதை எதற்கு முன்னாலும் போடலாம், ஆனால் துருக்கியம் விரும்பும் வழி வேறு. சொல்லின் முதல் அசையை எடுத்து, அதன்பின் ப், ம், ர், ஸ் நான்கில் ஒன்றைச் சேர்த்து, முழுச்சொல்லின் முன்னால் வைப்பார்கள். கத்து, ‘கஸ்கத்து’ ஆகும். ஸுக்கு, ‘ஸும்ஸுக்கு’ ஆகும். கரா (கறுப்பு), ‘கப்கரா’ ஆகும். தெமிஸ் (சுத்தம்), ‘தெர்தெமிஸ்’ ஆகும். நம் கன்னங்கரேல், செக்கச்செவேல், பச்சைப்பசேல் போல. நான்கில் எந்த மெய் வரும் என்பதைச் சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும், தானாக உருவாக்கினால் பெரும்பாலும் தவறும். ஆங்கிலத்தில் இதற்கு ஈடில்லை, வசனவரி வெறும் ‘வெரி’ என்று போட்டுவிடும். ‘ஸும்ஸுக்கு அணைத்தாள்’ என்பதை ‘மிக இறுக்கமாக’ என்று எழுதாமல் ‘இறுக இறுகக் கட்டிக்கொண்டாள்’ என்று எழுதினால் அந்த இரட்டிப்பின் ஓசையும் தங்கும்.

‘பெக்’ என்ற பழைய சொல்லையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கெட்டியானது என்பதே அதன் பொருள். நாளடைவில் ‘மிக’ என்றாகியது. மேலே சொன்ன இரட்டிப்புக்கு இலக்கணப் பெயரான ‘பெக்கிஷ்திர்மெ’யும் அதிலிருந்தே வந்தது. நம் ‘கடு’வும் இதே பாதையில்தான் நடந்திருக்கிறது.

‘ஸெஹிர் கிபி’ (விஷம் மாதிரி) என்ற உவமை இரண்டு வேலை செய்யும். காப்பியோ மிளகாயோ விஷம் மாதிரி என்றால் வாயில் வைக்க முடியாதது. பிள்ளை விஷம் மாதிரி என்றால் படு கெட்டிக்காரன். பாட்டி பேரனை அப்படிச் சொல்லும் காட்சியில் வசனவரியை நம்பினால் கதையே திரும்பிவிடும்.

## அகராதிகள் முரண்படும் ஓரிடம்: யவுஸ்

1512 முதல் 1520 வரை ஆண்ட ஒட்டோமான் சுல்தான் முதலாம் செலிமுக்கு ‘யவுஸ்’ என்று அடைமொழி. ஆங்கில வரலாற்று நூல்கள் அவரை ‘செலிம் தி கிரிம்’ என்கின்றன. பழைய துருக்கியத்தில் யவுஸுக்குக் கெட்ட, கொடிய என்ற பொருள் இருந்ததால் அது அடியோடு தவறில்லை. ஆனால் இன்று துருக்கியர் அந்தப் பெயரில் கேட்பது அஞ்சாத உறுதியை. பிள்ளைகளுக்கு யவுஸ் என்று பெயர் வைக்கிறார்கள். 2016 ஆகஸ்ட் 26 அன்று இஸ்தான்புல்லில் திறந்த மூன்றாவது போஸ்பரஸ் நீரிணைப் பாலத்துக்கும் அவர் பெயர்தான். பழமொழியில் மட்டும் பழைய பொருள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது: யவுஸ் திருடன் வீட்டுக்காரனையே அடக்கிவிடுவான் என்பார்கள், அங்கே அது ‘துணிச்சலும் வெட்கமின்மையும் சேர்ந்த’ என்று பொருள்படும். ஆகவே சுல்தானுக்கும் பாலத்துக்கும் ‘யவுஸ்’ என்றே விட்டுவிடுங்கள். பழமொழியில் ‘நெஞ்சழுத்தக்காரத் திருடன்’ என்று எழுதுங்கள்.